வெர்லீன் கேட்டு வாங்கிய கேமரா

கிளீவ்லண்டின் கிழக்குப் பக்கம், ஹார்லன் தெரு முக்கில் வெர்லீன் டாலிவர் பதினோரு வருஷம் நின்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கிற வேலை. காலையில் ஒன்றரை மணி நேரம், பிற்பகலில் ஒன்றரை மணி நேரம். கையில் ‘ஸ்டாப்’ என்று எழுதிய சிவப்புப் பலகை, உடம்பில் கண் கூசும் மஞ்சள் மேலங்கி. அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார், முடியவில்லை. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் கிடையாது. நேரே போய் இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த முக்கில்தான் என் மருந்துக்கடை. டாக்டருக்குப் படிக்காவிட்டாலும் என்னை எல்லோரும் ‘டாக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் அவர் குரலைக் கேட்பேன்.

“டெரன்ஸ், சட்டை ஜிப்பை மேல இழு. உன் தொப்புள் எனக்கு குட்மார்னிங் சொல்லுது.”

“மிஸ் வெர்லீன், நேரமாச்சு.”

“நேரமானா ஆகட்டும். கார்க்காரன் போகட்டும், அப்புறம் போ கண்ணு.”

எல்லோரும் அவருக்குக் ‘கண்ணு’தான். போலீஸ்காரர்கூட.

மூன்று வருஷத்துக்கு முன் அக்டோபரில், கியான் என்ற பத்து வயசுப் பையனை அதே முக்கில் ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. வெர்லீன் வேலை முடிந்து கிளம்பி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. பையன் கூடைப்பந்து விளையாடிவிட்டுத் தாமதமாக வந்தவன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனான். சாம்பல் நிறக் கார் என்று ஒருவர் சொன்னார், நீலம் என்று இன்னொருவர் சொன்னார். வண்டி எண்ணை யாரும் பார்க்கவில்லை. போலீஸ் வீடு வீடாகக் கேட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் வெர்லீன் கடைக்கு வந்தார். இருமல் மருந்து வாங்கத்தான் வந்தார். வாங்காமலே நின்றார்.

“அந்தக் காரு எங்கயோ நிக்குது டாக். அதை ஓட்டினவன் காலையில எந்திரிச்சு காபி குடிக்கிறான். இந்த முக்குல ஒரே ஒரு கேமரா இருந்திருந்தா...”

அன்றிலிருந்து அவருக்கு அது ஒன்றே வேலையாகிவிட்டது. நகராட்சி போடும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. தெருச் சங்கமே வாங்கி மாட்டலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் அடித்தளத்தில் மீன் பொரித்து விற்றார். கதவு கதவாகத் தட்டிக் கையெழுத்து வாங்கினார். பனியில் வழுக்கி ஒருதரம் வலது தோளில் அடிபட்டது, அப்போதும் நிற்கவில்லை. அடுத்த கோடைக்குள் ஒன்பது கேமராக்களுக்கு வழி செய்துவிட்டார். வீட்டு வாசல்களில் எட்டு. ஒன்பதாவதுதான் முக்கியமானது: பள்ளிக்கூட முக்கைப் பார்க்கிற கேமரா. அதை மாட்ட ஒரே ஒரு சுவர்தான் தோதாக இருந்தது. அது என் கடைக்கு எதிரே இருந்த லெமுவெல் க்ரீரின் சலூன் சுவர்.

லெமுவெல் முடியாது என்றுவிட்டார்.

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது, அது தெருவுக்கே தெரியும். பக்கத்து ஊர் ஒன்றில், ஏதோ கடையின் மங்கலான வீடியோவை வைத்துக்கொண்டு அவர் மகன் ஐசக்கைப் பிடித்துக்கொண்டு போய் ஆறு நாள் அடைத்து வைத்தார்கள். அந்த வீடியோவில் இருந்தவனுக்கும் ஐசக்குக்கும் பொருந்தியது தொப்பி மட்டும்தான். ஐசக் வெளியே வந்தான். அதற்குள் வேலை போயிருந்தது. பிறகு அட்லாண்டாவுக்குப் போனவன், அப்பாவைப் பார்க்கக்கூட இந்தப் பக்கம் வருவதில்லை.

லெமுவெலும் வெர்லீனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆகவே சண்டை மரியாதை இல்லாமல் நடந்தது. நான் அப்போது முடி வெட்டிக்கொள்ள நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

“உன் செவுரு மட்டும் போதும் லெம். கரண்டுகூட நாங்களே பாத்துக்கறோம்.”

“என் மகனை ஆறு நாள் உள்ள வெச்சது எது தெரியுமா உனக்கு? செவுத்துல இருந்த ஒரு பொட்டி.”

“பொட்டி இல்லடா. அதைப் பாத்தவனோட கண்ணு.”

“அதைத்தான் நானும் சொல்றேன். பொட்டிய நீ மாட்டுவ. பாக்கப்போறவன் யாரு?”

கத்தரிக்கோல் என் காதுக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நின்றது. “லெம், முதல்ல அவர் காதைப் பாரு, அப்புறம் என்கிட்ட கேள்வி கேளு” என்று சொல்லிவிட்டு வெர்லீன் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு தாளோடு திரும்பி வந்தார். லெமுவெல் கேட்ட கேள்விக்கான பதிலைச் சட்டமாகவே எழுதிக்கொண்டு வந்திருந்தார். படம் முப்பது நாள்தான் இருக்கும். பிறகு தானாக அழியும். யாருடைய ஜன்னலையும் கேமரா பார்க்கக்கூடாது. போலீஸ் கேட்டாலும் வேறு யார் கேட்டாலும், மூன்று பேர் கொண்ட குழுவில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் படம் வெளியே போகும். அந்த மூவரில் யாரும் அதைத் தனியாகப் பார்க்கவும் கூடாது.

“யாரு அந்த மூணு பேரு?” என்றார் லெமுவெல்.

“ஒண்ணு நான். ஒண்ணு நீ.”

“நானா? நான் வேண்டாங்கறவன்.”

“வேண்டாங்கறவன் ஒருத்தன் உள்ள இருக்கணும். மூணாவது டாக். அவர் யாருக்கும் பகையில்ல, யாருக்கும் ரொம்ப வேண்டியவரும் இல்ல.”

என்னைப் பாராட்டினாரா, இடித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லெமுவெல் தாளை இரண்டு முறை படித்தார். சுவரைக் கொடுத்தார்.

ஒன்றரை வருஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு கார் திருடனைப் பிடித்தார்கள். படம் கேட்டு வந்த இரண்டு கோரிக்கைகளை லெமுவெல் மறுத்தார், நானும் அவரோடு சேர்ந்தேன். வெர்லீன் முணுமுணுத்தார், ஆனால் ஏற்றுக்கொண்டார்.

பிறகு இந்த வருஷம் பிப்ரவரி பதினொன்று.

காலை எட்டு மணி பத்து நிமிஷம். இரவெல்லாம் பெய்த பனியைச் சாலையோரம் மேடாகத் தள்ளி வைத்திருந்தார்கள். நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். டயர் வழுக்குகிற சத்தம் கேட்டது, பிறகு ஒரு தடால். திரும்பிப் பார்த்தால் நைலா என்ற எட்டு வயசுக் குழந்தை சாலையில் கிடக்கிறாள். பொட்டலம் கொண்டு போகும் ஒரு சின்ன வண்டி குறுக்காக நிற்கிறது. வெர்லீன் முழங்காலிட்டுக் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டு, “அசையாத கண்ணு, அசையாத, நான் இருக்கேன்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நைலா பிழைத்துக்கொண்டாள். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

வண்டியை ஓட்டியவள் யெசெனியா செலாயா. ஹோண்டுராஸிலிருந்து வந்தவள், முப்பது வயது இருக்கும். அவள் ஓடிப்போகவில்லை. நடுரோட்டில் நின்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“பலகை கீழ இருந்துச்சு” என்றாள் போலீஸ்காரரிடம். “தூக்கல. கீழதான் இருந்துச்சு.”

போலீஸ்காரர் வெர்லீனைப் பார்த்தார்.

“தூக்கித்தான் இருந்தேன்” என்றார் வெர்லீன்.

பக்கத்தில் நின்ற இரண்டு தாய்மார்களும், ஆமாம், தூக்கித்தான் இருந்தது என்றார்கள். அவர்கள் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம். மிஸ் வெர்லீன் சொன்னால் அது அப்படித்தான் என்பது எங்கள் தெருவின் வழக்கம். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். வண்டிக்காரி நின்றுவிட்டாள், சாட்சி மூன்று பேர். வீடியோவைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஓடிப்போகிறவர்களைப் பிடிக்கத்தானே அந்தக் கேமரா. அங்கே ஒரு கேமரா இருப்பதே யெசெனியாவுக்குத் தெரியாது.

எனக்குத் தோன்றியது. வெர்லீனின் வலது தோளுக்கு மருந்து கொடுக்கிறவன் நான். டிசம்பரிலிருந்து களிம்பு, மாத்திரை, பிறகு இன்னும் வீரியமான மாத்திரை. “கையைக் காதுக்கு மேல தூக்கினா உயிர் போகுது டாக்” என்று அவரே சொல்லியிருந்தார். மருந்துக்கடைக்காரன் மற்றவர் நோயை வெளியே பேசக்கூடாது. அந்த விதியின் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்பதுதான் உண்மை.

யெசெனியாவின் வேலை போயிற்று. ஓட்டுநர் உரிமம் போகும் நிலை, ஜெயிலுக்கும் போக நேரலாம். மார்ச் பதினாலாம் தேதி கோர்ட். அவள் வீட்டுக் கதவில் யாரோ குழந்தைக் கொலைகாரி என்று எழுதிவிட்டுப் போனார்கள், குழந்தை உயிரோடு இருக்கும்போதே. வெர்லீன் தினமும் வழக்கம்போல முக்குக்கு வந்தார். பலகையை இடது கையில் பிடித்திருந்தார். பிள்ளைகளைக் கேலி செய்யவில்லை. ஜிப் திறந்திருந்தாலும் பார்க்காத மாதிரி நின்றார்.

இரண்டு வாரம் கழித்து லெமுவெலிடம் கேட்டேன், “படத்தைப் பாத்தீங்களா?”

“இல்ல. தனியாப் பாக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நாமதான்.”

“அப்ப கூட்டத்தைக் கூப்பிடலாமே.”

அவர் நாற்காலியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “நான் கேட்டா அவமேல பழி தீத்துக்கறேன்னு ஆயிடும். அவளே கேக்கட்டும்.”

“கேக்கலன்னா?”

“பதிமூணாந் தேதி அதுவே அழிஞ்சுடும் டாக். உங்களுக்கும் எனக்கும் அது தெரியும். அவளுக்கும் தெரியும்.”

நாட்கள் போயின. மார்ச் ஐந்து, எட்டு. நான் தினமும் எதிர்ச்சுவரில் இருந்த அந்தக் கறுப்பு உருண்டையைப் பார்ப்பேன். அது பாட்டுக்கு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கும். பத்தாம் தேதி காலையில் பள்ளிக்கூட மணி அடித்துப் பிள்ளைகள் எல்லோரும் உள்ளே போன பிறகு, யெசெனியா எதிர்ப்பக்கம் வந்து நின்றதைக் கண்டேன். வண்டிகள் போகும்வரை காத்திருந்து சாலையைக் கடந்து வெர்லீனிடம் வந்தாள். நான் கதவைத் திறந்து வாசலில் நின்றேன். கைகலப்பு ஆகிவிடுமோ என்று பயம்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“மேடம், நான் சண்டைக்கு வரல. ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல. பலகை கீழ இருந்ததா நான் பாத்தேன். ஆனா எல்லாரும் மேல இருந்ததுன்னு சொல்றாங்க. ஒருவேளை என் கண்ணுதான் தப்போன்னு இப்ப எனக்கே தோணுது. நான் பைத்தியமா மேடம்? அதை மட்டும் சொல்லுங்க.”

வெர்லீன் கையிலிருந்த பலகையைக் குனிந்து பார்த்தார். யெசெனியா தலையை ஆட்டினாள், வந்த வழியே போனாள்.

அன்று மத்தியானம் வெர்லீன் என் கடைக்கு வந்தார். மஞ்சள் மேலங்கியைக் கழற்றாமலே வந்திருந்தார்.

“லெமைக் கூப்பிடுங்க டாக். படத்தைப் பாக்கணும்.”

சலூனின் பின்னறையில் உட்கார்ந்தோம். முன்பக்கம் கதவைப் பூட்டிவிட்டு லெமுவெல் கணினியைத் திறந்தார். அந்தச் சின்ன அறையில் பவுடர் வாசனையும் பழைய ஹீட்டரின் சூடும். அவர் கடவுச்சொல்லை இரண்டு தரம் தவறாக அடித்தார்.

“வெர்லீன், உறுதியாத்தான் சொல்றியா?” என்றார்.

“ஓட்டு.”

படத்தில் சத்தம் கிடையாது. வெள்ளைத் தெரு, மஞ்சள் மேலங்கி, பனிமேட்டின்மேல் நிற்கும் நைலா. வெர்லீன் சாலைக்குள் இறங்குகிறார். பலகை இடுப்பிலிருந்து எழும்புகிறது. நெஞ்சுவரை வருகிறது. அங்கே நின்றுவிடுகிறது. தோள் ஒரு வெட்டு வெட்டுகிறது. பலகை சரேலென்று கீழே போகிறது. வெர்லீன் குனிந்து அதை இடது கைக்கு மாற்றுகிறார். அவ்வளவுதான், நாலு நொடி. அந்த நாலு நொடியில் அவர் சாலைக்குள் இறங்கியதைப் பார்த்த குழந்தை, வழக்கம்போல, நம்பிக்கையோடு பின்னாலேயே இறங்குகிறாள். வண்டி வேகமாக வரவில்லை. பிரேக் விளக்கு எரிகிறது. பனியில் வண்டி வழுக்குகிறது.

லெமுவெல் அங்கேயே நிறுத்தினார்.

“மறுபடி” என்றார் வெர்லீன்.

மூன்று முறை பார்த்தார். மூன்றாவது முறை முடிந்ததும் பலகையைத் தூக்க வேண்டிய அந்த வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டார்.

முதலில் பேசியது லெமுவெல்தான். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“இங்க பாரு. மூணு நாள்ல இது போயிடும். நான் கையெழுத்துப் போடலன்னு வெச்சுக்கோ. டாக்கும் போடலன்னா கதை முடிஞ்சுது. அந்தப் பொண்ணுக்கு நல்ல வக்கீலா நாமளே பாத்துக் குடுக்கலாம். பதினோரு வருஷம் வெர்லீன். பதினோரு வருஷம் நின்னதை நாலு நொடி அழிக்கணுமா?”

வெர்லீன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மறுத்துப் பேசவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்: எனக்கும் அந்த வழி பிடித்திருந்தது.

“உன் மகனுக்காக எவனாவது இப்படி ஒரு படத்தைக் கொண்டுவந்து குடுத்திருந்தா?” என்றார் வெர்லீன்.

லெமுவெல் முகம் மாறியது.

“எனக்கு முதல் நாளே தெரியும் லெம். போலீஸ்காரன் கேட்டப்ப வாய் தானா சொல்லிடுச்சு. அப்புறம் அந்த அம்மாக்கள் ஆமான்னாங்க. அவங்க சொன்னதையே நானும் நம்பிக்கிட்டேன். தோள் வலிக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும், உடனே வேற எதையாவது நினைச்சுக்குவேன். இன்னைக்கு அந்தப் பொண்ணு வந்து தான் பைத்தியமான்னு என்கிட்ட கேக்கறா. தாளைக் குடு.”

தாளில் முதலில் அவர் போட்டார். லெமுவெல் பேனாவை வாங்கி, வெகுநேரம் வைத்திருந்து, போட்டார். மூன்றாவது தேவையில்லை. ஆனாலும் நானும் போட்டேன்.

படம் போலீசுக்குப் போவதற்கு முன் நைலாவின் அம்மா டார்ஷாவிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்றார் வெர்லீன். என்னையும் கூட அழைத்தார். டார்ஷா கதவைத் திறந்ததும் வெர்லீனைக் கட்டிக்கொள்ளப் போனாள். ஒரு மாதமாக ஆஸ்பத்திரிக்கும் பிறகு வீட்டுக்கும் சூப் கொண்டு போய்க் கொடுத்தவர் அல்லவா. வெர்லீன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

“முதல்ல நான் சொல்றதைக் கேளு. பலகை கீழதான் இருந்துச்சு. என் தோள் பிடிச்சுக்கிச்சு. அது பிடிக்கும்னு தெரிஞ்சேதான் வேலைக்கு வந்தேன். அந்தப் பொண்ணுமேல தப்பில்ல.”

உள்ளேயிருந்து நைலா, “மிஸ் வெர்லீனா? உள்ள வரச்சொல்லும்மா” என்று கூப்பிட்டாள்.

“ஒரு மாசம்” என்றாள் டார்ஷா. “ஒரு மாசம் என் பிள்ளை கட்டில் பக்கத்துல உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஜெபம் பண்ணீங்க.”

“ஆமா.”

“போயிடுங்க. தயவுசெஞ்சு போயிடுங்க.”

கதவை அவள் அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் மூடினாள். வெர்லீன் படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி கனமாக இருந்தது.

கோர்ட்டில் யெசெனியாவின் வழக்கு ஐந்து நிமிஷத்தில் தள்ளுபடியானது. வெர்லீன் வேலையை விட்டார்; விலக்குவதற்குமுன் தானே எழுதிக் கொடுத்துவிட்டார். பொய் சொன்னதற்காக வழக்கு வருமோ என்று நாங்கள் ஆறு வாரம் பயந்துகொண்டிருந்தோம். வரவில்லை. வாக்குமூலத்தைத் திருத்திக்கொண்டதாக எழுதி முடித்துவிட்டார்கள்.

ஆனால் தெரு கொதித்தது. கோபம் வெர்லீன் மேல் கொஞ்சம், கேமரா மேல் நிறைய. ஏப்ரலில் சர்ச் அடித்தளத்தில் கூட்டம். நாற்காலிகள் போதாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். பொட்டிகளைக் கழற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள்.

“கியானைக் கொன்னவனை இது பிடிச்சுக் குடுத்துதா?” என்று ஒருவர் எழுந்தார். “இல்ல. யாரைப் பிடிச்சுக் குடுத்துது? நம்ம மிஸ் வெர்லீனை. நம்ம காசுல நமக்கே வேவு.”

கைதட்டல் எழுந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த வெர்லீன் எழுந்து நின்றார். கைதட்டல் தானாக அடங்கியது.

“எனக்காகக் கழட்டாதீங்க. வேற காரணம் இருந்தா கழட்டுங்க. நான் கேட்டப்ப, அது வேற யாரையோ பாக்கும்னு நினைச்சேன். நீங்களும் அப்படி நினைச்சுத்தான் கையெழுத்துப் போட்டீங்க. நம்மளைப் பாக்கும்போதும் அது வேணும்னா வெச்சுக்கோங்க. வேணாம்னா இன்னைக்கே கழட்டுங்க. இவ்வளவுதான்.”

உட்கார்ந்துவிட்டார். பிறகு இரண்டு மணி நேரம் வாக்குவாதம். வாக்கெடுப்பில் நாற்பத்து மூன்று பேர் இருக்கட்டும் என்றார்கள், முப்பத்தொன்பது பேர் வேண்டாம் என்றார்கள். லெமுவெல் வேண்டாம் என்றுதான் கை தூக்கினார். வெளியே வரும்போது கேட்டேன், அப்படியானால் சுவர்?

“செவுரு இருக்கட்டும். ஓட்டு வேற, செவுரு வேற” என்றார். அதற்குமேல் விளக்கவில்லை.

வெர்லீன் குழுவிலிருந்தும் விலகினார். மே மாதம் தோளுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இப்போது காதுவரை கை போகிறது. காலையில் எட்டு மணிக்கு வீட்டு ஜன்னலருகே உட்கார்ந்து காபி குடிப்பதாகச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் நான் போய்ப் பார்த்ததில்லை. நைலா கோடையில் நடக்கத் தொடங்கினாள், சற்றே விந்தி. யெசெனியாவுக்கு ஒரு பேக்கரியில் வண்டி ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறது. வெர்லீன் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை.

செப்டம்பரில் டார்ஷா கடைக்கு வந்தாள். குழுவில் காலியாக இருக்கும் இடம் தனக்கு வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டேன்.

“அவங்க வந்து சொல்லலன்னா, வேற ஒருத்தி ஜெயிலுக்குப் போக நான் கைதட்டியிருப்பேன் டாக். அவங்களை இன்னும் மன்னிக்கல. ஆனா அந்த நாற்காலியில யாராவது உக்காரணும்ல.”

இப்போது மாதம் ஒருமுறை நாங்கள் மூன்று பேரும் சலூனின் பின்னறையில் கூடுகிறோம். போன வாரம் ஒரு பையன் இருக்கும் படத்தைக் கேட்டு ஒரு கோரிக்கை வந்தது. டார்ஷா தாளை முழுதாகப் படித்தாள். படத்தில் இருக்கும் பையனுக்குத் தகவல் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றார் லெமுவெல். பேனாவை மூடி வைத்தாள். முதலில் அவனிடம் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று மூன்று பேரும் குளிருக்கு மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.